ஆயிரத்து நூற்று இருபத்திரண்டில் ஒரு முகடு

துறையில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் உண்டு. இருபத்திரண்டு.

"இருபத்திரண்டு வந்தாச்சா?"

"வந்தாச்சு. மூஞ்சி சரியில்லை. ஒதுங்கியே இரு."

பேராசிரியைக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிடுவாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். வாத்தியார்களுக்கு மொட்டை, குச்சி, கண்ணாடி என்று பட்டப்பெயர் வைக்கிற பிள்ளைகள், தனக்கு மட்டும் ஓர் எண்ணை வைத்திருக்கிறார்களே என்று.

முழு எண் ஆயிரத்து நூற்று இருபத்திரண்டு. அதுதான் அவள் வாழ்க்கை.

அவள் படித்ததும் கற்பித்ததும் நிறமாலையியல். ஒரே நிறமுள்ள லேசர் ஒளியை ஒரு பொருளின் மேல் அடித்தால், சிதறி வருகிற ஒளியில் கொஞ்சம் மட்டும் நிறம் மாறி வரும். எவ்வளவு மாறியது என்பதைக் கருவி ஒரு கோட்டுப் படமாகப் போட்டுக் கொடுக்கும். சமவெளியில் திடீரென்று குன்று எழுந்த மாதிரி அங்கங்கே முகடுகள் நிற்கும். எந்த எண்ணில் எந்த முகடு என்பது அந்தப் பொருளின் கைரேகை. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், ஓர் உலோக உப்பின் கரைசல் துளி காய்ந்துகொண்டிருந்தபோது, ஈரமும் போகாமல் உப்பாகவும் ஆகாமல் நடுவில் நிற்கிற அந்த அரை நிமிஷத்தில், உலகத்தில் யாரும் பார்த்திராத ஒரு முகட்டை அவள் பார்த்தாள். ஆயிரத்து நூற்று இருபத்திரண்டில். ஈரத்தில் அது இல்லை. காய்ந்த பிறகும் இல்லை. நடுவில் மட்டும்.

அதை வைத்துப் பதினான்கு கட்டுரைகள். அதை வைத்து ஒன்பது பேருக்கு முனைவர் பட்டம். விரிவுரையாளராக நுழைந்தவள் பேராசிரியை ஆனதும் அதை வைத்துத்தான். வேறு நாட்டு ஆய்வகங்களில் சிலருக்கு அது வந்தது, சிலருக்கு வரவில்லை. வராதவர்களுக்கு அவள் எழுதும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "துளியை அவசரமாகக் காயவிடுகிறீர்கள்."

ஓய்வு பெற இன்னும் பத்தொன்பது நாள் இருக்கும்போது அந்த முகடு காணாமல் போனது.

"திங்கட்கிழமையிலேர்ந்து வரலை மேடம்," என்றான் மாப்பிள்ளை. அவளுடைய கடைசி ஆராய்ச்சி மாணவன். ஆராய்ச்சியில் சேர்ந்த பிறகு கல்யாணம் செய்துகொண்டதால் ஆய்வகத்தில் அவனுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது ஒரு வயசுக் குழந்தை இருக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை.

"வரலைன்னா? அது என்ன பஸ்ஸா, வரலைன்னு சொல்ல? நீ வரவைக்கலைன்னு சொல்லு."

"இருபது துளி பாத்துட்டேன் மேடம்."

"நூறு துளி பாரு. ஓரம் வெளுக்கிற நேரத்துலே பட்டனை அமுக்கினியா?"

"அமுக்கினேன்."

"தள்ளு. நான் பார்க்கிறேன்."

அளக்கும் முறை அவள் வகுத்தது. ஈரத்துளியையும் காய்ந்த உப்பையும் கருவியின் மூடியை மூடி, அறை விளக்கை அணைத்துவிட்டு அளக்க வேண்டும். நடு நிலைக்கு மட்டும் அப்படி முடியாது. துளியின் ஓரம் பால் மாதிரி வெளுக்கிற கணத்தைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க வேண்டும். அதற்கு மூடி திறந்திருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். இருபத்தேழு வருஷமாக இதுதான் நடைமுறை.

அவளே முப்பது துளி போட்டாள். வரவில்லை. கருவியைப் பழுது பார்க்கிறவர் இரண்டு நாள் வந்து குடைந்துவிட்டு, "உங்க மிஷினுக்கு ஒண்ணுமில்லை, ஜாதகம் சுத்தமா இருக்கு," என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை அவள் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தபோது எலக்ட்ரீஷியன் கையை நீட்டித் தடுத்தான். கட்டிடம் முழுக்கப் பழைய டியூப்லைட்டுகளைக் கழற்றிவிட்டுப் புதிய விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள். கழற்றியவை சுவரோரம் கட்டுக்கட்டாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

"தள்ளிப் போங்க மேடம், இடிச்சுடாதீங்க. உடைஞ்சா வம்பு. உள்ளே பாதரசம்."

"தெரியும்ப்பா. நான் கெமிஸ்ட்ரிதான்."

"அதான் சொல்றேன். குப்பையிலே கூட போடக்கூடாதாம். தனியா வண்டி வருது, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி."

"எங்க லேப்லே எப்ப மாத்தினீங்க?"

"உங்க லேப்தான் முதல் போணி. ஞாயித்துக்கிழமையே முடிஞ்சுது."

அவள் நாலு எட்டு நடந்தாள். நின்றாள். திரும்பி அந்தக் கட்டுகளைப் பார்த்தாள். பிறகு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு காகிதத்தை எடுத்தாள்.

கருவி சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு சின்னப் பாதரச விளக்கு உண்டு. அதன் பச்சைக் கோடு ஐந்நூற்று நாற்பத்தாறு நானோமீட்டரில் விழும். முதல் வருஷப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். ஆனால் அது அலைநீளக் கணக்கு. அவளுடைய முகடு வேறு கணக்கு. லேசரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்கிற கணக்கு. இரண்டு எண்களும் இரண்டு நோட்டில் இருந்தன, இரண்டு அளவில் இருந்தன. இரண்டையும் வாழ்நாள் முழுக்க மனப்பாடமாக வைத்திருந்தாள். ஒன்றை மற்றதாக மாற்றிப் பார்க்க அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

மாற்றினாள். லேசரின் எண்ணிலிருந்து கழித்தாள்.

ஆயிரத்து நூற்று இருபத்திரண்டு.

"ஏம்ப்பா, அந்தப் பழைய டியூப்லே ஒண்ணை எங்க லேப்லே மறுபடி மாட்டுறியா?"

எலக்ட்ரீஷியன் ஏணி மேலிருந்து சிரித்தான். "எல்லாரும் புதுசு கேக்கறாங்க, நீங்க பழசு கேக்கறீங்க. சூப்பர்வைசர் பார்த்தா என் கழுத்துக்குத்தான் கத்தி."

"பத்து நிமிஷம்."

மாட்டினான். அவள் மாப்பிள்ளையை டீ குடிக்க அனுப்பிவிட்டாள். துளி வைக்கவில்லை. வெறும் கண்ணாடித் தகட்டை வைத்து, மூடியைத் திறந்து வைத்து அளந்தாள். முகடு வந்தது. கல்யாணப் பெண் மாதிரி நிமிர்ந்து, ஒல்லியாக, துல்லியமாக. விளக்கை அணைக்கச் சொன்னாள். போய்விட்டது.

"போடு."

வந்தது.

"அணை."

"மேடம், குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கு," என்றான் எலக்ட்ரீஷியன். "என்ன, சரியா எரியுதா?"

"எரியுது. கழட்டிடு."

* * *

வீட்டில் அவளும் அக்காவும் மட்டும்தான். அக்கா முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். அத்திம்பேர் போன பிறகு இங்கே வந்துவிட்டாள். யார் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் பாதியில் புகுந்து மீதியைத் தானே சொல்வது தொழில் விட்டும் விடாத பழக்கம்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி வரே? பிரிவு உபசார விழாவுக்கு இப்பவே அழுகையா?"

"அக்கா, என் முகடு பொய்."

"எது?"

"இருபத்திரண்டு. அது டியூப்லைட்டு. நான் இத்தனை வருஷமா அளந்தது உப்பு இல்லை. கூரையிலே எரிஞ்ச லைட்டு."

அக்காவுக்கு வேதியியல் தெரியாது. ஆனால் தங்கையைத் தெரியும். கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தினாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அந்தப் பொண்ணுக்கு?"

"எந்தப் பொண்ணு?"

"நடிக்காதேடி. தராசு. வராது வராதுன்னு சொல்லிட்டே இருந்துதே. நீ சீட்டைக் கிழிச்சு அனுப்பினியே."

பேராசிரியை நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பெண் கெட்டிக்காரி. துளியைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பது ஆளுக்கு ஆள் மாறும் என்று, துளியை நுண்தராசில் வைத்துக் காயவிட்டு, நடு நிலை எந்த எடையில் வருகிறது என்று அட்டவணை போட்டாள். பிறகு அந்த எடைக்கு எத்தனை நொடி ஆகும் என்று கணக்கு வைத்துக்கொண்டு, மூடியை மூடி, இருட்டில் அளந்தாள். அதனால்தான் தராசு என்று பெயர். நான்கு மாதம், அறுபத்தொரு துளி. ஒன்றில்கூட முகடு இல்லை.

"அவங்க அப்பா வந்தாரே இங்கே," என்றாள் அக்கா. "கேட்டுக்கு வெளியே நின்னாரு. நீ குளிக்கிறேன்னு என்னைச் சொல்லச் சொன்னே."

பேராசிரியை அக்கா மடித்து வைத்த துணி ஒன்றை எடுத்து மறுபடி மடித்தாள்.

"ஒன்றரை மணி நேரம் குளிச்சேடி நீ. எருமை கூட அவ்வளவு நேரம் குளிக்காது."

"அவ இப்ப எங்கே இருக்காளோ."

"எங்கே இருப்பா? பெரியாஸ்பத்திரி ரத்தப் பரிசோதனையிலே. எனக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கிறதே அவதான். ஏழு வருஷமா."

"ஏழு வருஷமா? எங்கிட்டே சொல்லவே இல்லையே?"

"நீ கேக்கவே இல்லையே."

* * *

பாதியில் நின்றவர்களின் ஆய்வுக் குறிப்பேடுகள் துறைக் கிடங்கில் கிடக்கும். திங்கட்கிழமை அவளே போய்த் தூசி தட்டி எடுத்தாள். தராசின் கையெழுத்து சின்னது, சாயாதது. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது: 'இருட்டில் அளந்தால் முகடு இல்லை. விளக்கு எரிந்தால் இருக்கிறது. காரணம் துளிதானா என்று பார்க்க வேண்டும்.'

அதற்குக் கீழே சிவப்பு மையில் பேராசிரியையின் கையெழுத்து: 'இருட்டில் துளி காய்ந்துபோவது எப்படித் தெரியும்? கண்ணால் பார். கவனக்குறைவு.'

சிவப்பு மை அப்படியே இருந்தது. நேற்று எழுதியது மாதிரி.

படித்ததாக ஞாபகமில்லை. ஆனால் 'கவனக்குறைவு' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். இரண்டு கோடு போடுகிறவள் துறையிலேயே அவள் ஒருத்திதான்.

விதி என்ன சொல்கிறது என்று அவளுக்குத் தெரியும். நீக்கப்பட்ட மாணவரை மறுபடி சேர்க்க வேண்டுமானால் வழிகாட்டி கடிதம் கொடுக்க வேண்டும். வழிகாட்டி பணியில் இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற மறுநாள் அவள் எழுதுகிற கடிதத்துக்கு மளிகைச் சீட்டுக்குள்ள மதிப்புத்தான். அன்று மாலையே கடிதத்தை எழுதினாள். மூன்று முறை எழுதிக் கிழித்து, நான்காவதை உறையில் போட்டாள்.

* * *

"அவகிட்டே பேசணும்னா டோக்கன் வாங்கு," என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். "இல்லேன்னா உள்ளே விட மாட்டாங்க. பேராசிரியைன்னு சொல்லிப் பார்க்காதே, அங்கே எல்லாருக்கும் ஒரே ஊசிதான்."

நாற்பத்தேழாம் எண். நீளமான அறை. பச்சைச் சுவர். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் பெஞ்சில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, கைவைக்க ஒரு பலகை. மேஜைக்கு அந்தப் பக்கம் தராசு. தலையில் முக்கால்வாசி நரைத்திருந்தது.

"நாற்பத்தேழு. உக்காருங்க. பேரு?"

சொன்னாள். பேனா நிற்கவில்லை.

"வயசு?"

"அடுத்த வாரம் அறுபது."

"வெறும் வயித்துலே இருக்கீங்களா?"

"நான் டெஸ்டுக்கு வரலைம்மா. உன்னைப் பார்க்க வந்தேன்."

"சீட்டுலே டெஸ்டுன்னு போட்டிருக்கு. சீட்டுலே என்ன இருக்கோ அதைத்தான் நான் செய்வேன். கையை நீட்டுங்க."

நீட்டினாள். முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டை இறுகியது.

"என்னை அடையாளம் தெரியுதா?"

"உங்க அக்கா வரும்போதெல்லாம் விசாரிப்பேன். கையை மூடுங்க. இன்னும் நல்லா."

"நீ சொன்னது சரி. இருட்டுலே வராது. அது லைட்டுதான். பாதரசக் கோடு. போன வெள்ளிக்கிழமை கண்டுபிடிச்சேன்."

தராசு விரலால் நரம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். தட்டினாள். மறுபடி தடவினாள்.

"நரம்பு ஓடுது உங்களுக்கு," என்றாள். "தண்ணி குடிக்கிறதில்லையா?"

"நான் சொன்னது காதுலே விழுந்துதா?"

"விழுந்துது."

பின்னாலிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார்: "ஏம்மா, ரத்தம் எடுக்கறீங்களா, பொண்ணு பார்க்கறீங்களா? எனக்குக் கண்ணு இருட்டுது."

"அஞ்சு நிமிஷம் தாத்தா. உங்களுக்குத்தான் நேத்தே சொன்னேனே, தலையைக் குனிஞ்சு உக்காருங்க."

பேராசிரியை இடது கையால் பைக்குள்ளிருந்து உறையை எடுத்தாள். "இது உனக்கு. நான் பணியிலே இருக்கும்போதே கொடுத்தாத்தான் செல்லும். இதை வச்சு நீ மறுபடி சேரலாம். ஒரு வருஷத்துலே எழுதி முடிச்சுடலாம். பட்டம் வரும்."

"கையிலே கிளவுஸ். நீங்களே படிங்க."

அவள் படித்தாள். மெதுவாகத்தான் படித்தாள், ஆனால் முன்பெஞ்சுக்கு எல்லாமே கேட்டது. 'மேற்படி மாணவியின் பதிவு நிர்வாகக் காரணங்களால் ரத்து செய்யப்பட்டதென்றும், அவரது ஆய்வுத் திறனில் குறையேதும் இல்லையென்றும் இதன்மூலம் சான்றளிக்கிறேன்.'

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"முகடு எங்கே?"

"அது வேற விஷயம்மா. அது... அதை நான் தனியாப் பார்த்துக்கறேன்."

ஊசி இறங்கியது. சின்னக் குழாயில் கருஞ்சிவப்பாக ரத்தம் ஏறியது.

"எனக்குப் பட்டம், உங்களுக்கு முகடு. நல்ல பங்கு."

"அப்படியில்லை."

"நிர்வாகக் காரணம்னா என்ன மேடம்? ஆபீஸ்லே ஃபைல் தொலைஞ்சு போச்சா?"

அவள் இடது கையால் கடிதத்தை மேஜை மேல் வைத்தாள்.

"எங்கப்பா உங்க வீட்டு வாசல்லே நின்னாரே, ஞாபகம் இருக்கா?" குழாயை மாற்றிக்கொண்டே கேட்டாள் தராசு. குரல் உயரவில்லை, கிழவரிடம் பேசிய அதே குரல். "நீங்க குளிச்சிட்டிருந்தீங்க. திரும்பி வந்து சொன்னாரு, ரொம்ப சுத்தமான அம்மா போலிருக்கு, பொறுமையாக் குளிக்கிறாங்கன்னு. அவருக்கு உங்க மேலே கோபமே கிடையாது. எல்லாம் என் மேலேதான். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லுவாரு, இது மட்டும் கொஞ்சம் கவனமா இருந்திருந்தா இன்னிக்கு டாக்டர்னு. சாகிற அன்னிக்கு நர்சுகிட்டேயும் சொன்னாரு."

"நான் வேற மாதிரி எழுதித் தரேன்."

"எனக்கு எதுக்கு மேடம்? எனக்கு நாற்பத்தாறு வயசு. இப்ப டாக்டர்னு போட்டா இங்கே வர்றவங்க மாத்திரை கேப்பாங்க." முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "உங்க கட்டுரையைப் படிச்சுட்டு, எங்கேயோ ஒரு ஊர்லே ஒருத்தி இப்பவும் துளியைப் பார்த்துட்டு உக்காந்திருப்பா. அவளுக்கும் வராது. அவளையும் யாராவது திட்டிட்டிருப்பாங்க. இந்த லெட்டர் அவளுக்குப் போகுமா?"

"பதினாலு கட்டுரையையும் வாபஸ் வாங்கச் சொல்றியா?"

"நான் என்ன சொல்றது? நான் ரத்தம் எடுக்கிறவ."

ஊசி வெளியே வந்தது. பஞ்சு வைத்தாள்.

"எழுதினா, யார் கண்டுபிடிச்சான்னு எழுதுவீங்களா?"

"எழுதுவேன்."

"தேதியோட?"

"தேதியோட."

"அழுத்திப் பிடிங்க. தேய்க்காதீங்க, நீலம் கட்டிக்கும். நாற்பத்தெட்டு! தாத்தா, வாங்க."

* * *

கட்டுரைகளைத் திரும்பப் பெறுகிற கடிதத்தை எழுத அவளுக்கு எட்டு நாள் ஆனது. ஒன்றரைப் பக்கக் கடிதம். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு காரணம் கிடைத்தது. விழா முடியட்டும். ஓய்வூதியத் தாள் கையெழுத்தாகட்டும். அக்கா ஒருநாள் கேட்டாள்: "என்னடி, இன்னும் குளிச்சு முடியலையா?" அன்றைக்கு உட்கார்ந்தாள்.

கடைசி வேலைநாள் காலையில் கடிதம் தயாராக இருந்தது. அனுப்புவதற்கு முன் மாப்பிள்ளையிடம் காட்டியாக வேண்டும். கடைசி இரண்டு கட்டுரையில் அவன் பெயரும் இருக்கிறது. அவனுடைய ஆய்வேட்டில் மூன்று அத்தியாயம் அந்த முகடுதான். மூன்றும் போகும். அதை எப்படிச் சொல்வது என்று இரவெல்லாம் வார்த்தை தேடியிருந்தாள்.

"உக்காரு. இதைப் படி. உனக்கு அதிர்ச்சியா இருக்கும். முழுசாப் படிச்சுட்டுப் பேசு."

அவன் படித்தான். முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை. இரண்டாம் பக்கத்தின் நடுவில் விரலை வைத்தான்.

"மேடம், இந்த வரி."

'இந்தத் தவறு இத்தனை ஆண்டுகளாக எனக்கோ, பின்னர் வந்த என் மாணவர்களுக்கோ தெரிந்திருக்கவில்லை.'

"அதுக்கென்ன?"

அவன் கதவைப் பார்த்தான். எழுந்து போய் அதைச் சாத்திவிட்டு வந்தான்.

"சேர்ந்த முதல் நாளே சொல்லிட்டாங்க மேடம்."

"என்னன்னு? யாரு?"

"எனக்கு முன்னாடி இருந்த அண்ணன். அவருக்குச் சொன்னது, அவருக்கு முந்தின அக்கா. நடு அளவுக்கு மட்டும் லைட்டை அணைக்கவே அணைக்காதே. அணைச்சா வராது. ஏன்னு கேக்காதே. கேட்டவ ஒருத்தி ஆஸ்பத்திரியிலே ரத்தம் எடுத்துட்டிருக்கா."

பேராசிரியை நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள்.

"உனக்கு... அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியலையா?"

"ரெண்டாம் வருஷமே தெரிஞ்சுடுச்சு. துளியே இல்லாம வெறும் கண்ணாடியை வச்சு அளந்தேன். ரொம்ப அழகா வந்துச்சு."

"ஏன் எங்கிட்டே சொல்லலை?"

அவன் அவளை நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒரு பெரியவர் தெரிந்தே கேட்கிற கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்கிற சங்கடம் மட்டும் இருந்தது.

"அப்பதான் கல்யாணம் ஆகியிருந்துச்சு மேடம்," என்றான்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"தராசு அக்காவுக்கு அப்புறம் வந்தவங்க எல்லாருக்கும்."

அவளுக்குப் பின் பட்டம் வாங்கியவர்கள் ஏழு பேர். ஏழு ஆய்வேடுகளிலும் முதல் பக்கத்தில் பேராசிரியைக்கு நன்றி இருந்தது. 'கூர்ந்து நோக்கக் கற்றுத்தந்த' என்று ஒருத்தி எழுதியிருந்தாள்; அதைப் பேராசிரியை தன் அக்காவிடம் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

"லைட்டு மாத்தினப்ப, உனக்குத் தெரியும், அதனாலேதான் வரலைன்னு."

"தெரியும் மேடம்."

"நான் முப்பது துளி போட்டேனே. பக்கத்துலேயே நின்னியே."



அவள் கடிதத்தைக் கணினியில் திறந்தாள். அந்த வரிக்குப் போனாள். 'பின்னர் வந்த என் மாணவர்களுக்கோ' என்பதை அழித்தாள்.

"மேடம்," என்றான் அவன், அவசரமாக. "தெரியும்னு போட்டுடாதீங்க. அண்ணன் ரெண்டு பேர் காலேஜ்லே வேலையிலே இருக்காங்க. அக்கா ஒருத்தங்க துறைத் தலைவரே ஆகப்போறாங்க. எனக்குக் குழந்தை இருக்கு."

"தெரியாதுன்னு எப்படிப் போட முடியும்?"

"அந்த வரியே வேண்டாம். விட்டுடுங்க."

வெளியே யாரோ படியிறங்கிச் சிரித்துக்கொண்டு போனார்கள். அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு தட்டச்சு செய்தாள். செய்துகொண்டே சத்தமாகச் சொன்னாள், வகுப்பில் எழுதச் சொல்லும்போது சொல்கிற மாதிரி:

"என் மாணவி ஒருத்தி பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு இதைக் கண்டுபிடித்து எழுத்தில் சொன்னாள். நான் அவளை நீக்கினேன். அதன் பிறகு யாரும் என்னிடம் எதையும் சொல்லவில்லை."

நிறுத்தினாள். "பொய் இருக்கா இதுலே?"

"இல்லை மேடம்."

"யாரையாவது காட்டிக் கொடுக்குதா?"

அவன் மறுபடி படித்தான். உதட்டை நக்கிக்கொண்டான். "புரியறவங்களுக்குப் புரியும்."

"புரியட்டும்."

தராசின் பெயரை முதலில் போட்டிருந்தாள், கண்டுபிடித்த தேதியோடு. கீழே தன் பெயர். அனுப்பினாள். ஒரு நொடியில் போய்விட்டது. இருபத்தேழு வருஷம் போவதற்கு அவ்வளவு நேரம்தான் பிடித்தது.

"அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன்."

"அப்ப என் மூணு சாப்டர்?"

"இல்லை."

"நாலரை வருஷம் மேடம்."

"தெரியும்."

"யாரு மேடம் இனிமே என்னை எடுத்துப்பாங்க? நீங்க நாளைக்கு இல்லை. இந்த லேப்லேர்ந்து வந்தவன்னு தெரிஞ்சா..." அவன் முடிக்கவில்லை. மேஜை மேல் இருந்த அவளுடைய காகித எடையை எடுத்துப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தான். "நீங்க அன்னிக்கே திட்டியிருந்தாலும் பரவாயில்லை, நான் சொல்லியிருக்கணும்."

"நான் திட்டியிருக்க மாட்டேன். நீக்கியிருப்பேன்."



கதவு தட்டப்பட்டது. அலுவலக உதவியாளர் தலையை நீட்டினார். "மேடம், கீழே குரூப் போட்டோவுக்கு எல்லாரும் நிக்கிறாங்க. உங்க பழைய ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் வந்தாச்சு. வெயில் ஏறுதாம், போட்டோகிராபர் கத்தறாரு. மாப்பிள்ளை, நீயும் வா."

கட்டிடத்தின் முன்படிகளில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நடு நாற்காலி காலியாக இருந்தது. அவள் வருவதைப் பார்த்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். பூங்கொத்து கொடுத்தார்கள். ஒருத்தி கட்டிக்கொண்டாள். "மேடம், நீங்க கொஞ்சம் கூட மாறலை!" "அதே கண்ணு! இப்பவும் பார்த்தா வயித்தைக் கலக்குது!" எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்க வேண்டிய இடம் அது.

உட்கார்ந்தாள். மாணவர்கள் பின்னால் இரண்டு வரிசையாக நின்றார்கள். மாப்பிள்ளை ஓரமாகப் போய், பாதித் தூண் மறைவில் நின்றான்.

அவள் கழுத்தைத் திருப்பினாள். நாற்காலிக்கு நேர் பின்னால், துறைத் தலைவராகப் போகிறவள் நின்றாள். ஆய்வேட்டில் 'கூர்ந்து நோக்க' என்று எழுதியவள்.

"உனக்கும் தெரியுமா?" என்று கேட்டாள் பேராசிரியை.

"எது மேடம்?"

"லைட்டு."

அந்த முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் ஒரு கணம் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தது. அவன் கண் அடுத்தவளைப் பார்த்தது. அப்படியே வரிசை நெடுக ஓடியது. கைதட்டிக்கொண்டிருந்த யாரோ நிறுத்தினார்கள்.

"மேடம்!" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து கத்தினான் போட்டோகிராபர். "பின்னாடி திரும்பாதீங்க. முன்னாடி பாருங்க. எல்லாரும் அசையாம நில்லுங்க."

நின்றார்கள்.